மறையாத கை
(இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், மாடஸ்டி: ஒரு வாசகனின் குறிப்புகள்)

சித்திரக் கதைகளைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். என் வயதொத்த எழுத்தாளர் பலர் வாசிக்கப் பழகியதே முத்து காமிக்ஸிலும் லயன் காமிக்ஸிலும்தான். ஆனால் நேர்காணல்களில் தமது வாசிப்பைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ருஷ்ய நாவல்களிலிருந்தே தொடங்குகிறார்கள். இடையில் இருந்த அந்த மலிவுத் தாள் புத்தகங்கள் பேச்சில் வருவதேயில்லை. விமர்சகர்களும் அவற்றைச் சிறுவர் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஒதுக்கிவிட்டதால் ஒரு விடயம் நம் கண்ணில் படாமலே போய்விட்டது. தமிழ்ச் சிறுவர்கள் மிகவும் நேசித்த சித்திரக் கதை நாயகர்களில் மூவர், தம் முதற் கதையில் நாயகர்களே அல்லர். இரும்புக்கை மாயாவி வங்கிக் கொள்ளைக்காரன். ஸ்பைடர் குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டவன். மாடஸ்டி பிளைசி ஒரு சர்வதேசக் குற்றக் கும்பலின் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள். தீயவர் எவ்வாறு நல்லவராகிறார் என்ற பெரிய கேள்வியை இந்தச் சின்னப் புத்தகங்கள் கையாண்ட விதத்தைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர் இவை என் கைக்கு வந்த கதையைச் சொல்லவேண்டும். அதுவும் விமர்சனத்தின் ஒரு பகுதியே.

1

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளின் பின்னர், கிழக்கில் பல குடும்பங்கள் பிள்ளைகளை வெளியூர்களுக்கு அனுப்பின. அப்போது எனக்குப் பதினொரு வயது. வாப்பா என்னைத் தெஹிவளையிலிருந்த சாச்சா வீட்டில் கொண்டுவந்து விட்டார். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் வீடு. ரயில் போகும்போது அலமாரிக் கண்ணாடி அதிரும். கொழும்புப் பேச்சும் சிங்களமும் புரியாத காலம். ஒழுங்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடவும் கூச்சம். சாச்சாவின் மூத்த மகன், நான் நானா என்று கூப்பிடுபவர், ஒரு பிஸ்கட் தகரம் நிறையச் சித்திரக் கதைகள் வைத்திருந்தார். மெக்கலம் றோட் பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மேலட்டை இல்லை. சிலவற்றுக்கு முதல் இருபது பக்கங்களே இல்லை. ஆகவே நான் எந்தக் கதையையும் ஆரம்பத்திலிருந்து வாசித்தவனல்லன். இரும்புக்கை மாயாவியை நான் அறிமுகம் கொண்டபோது அவர் ஏற்கனவே நல்லவர். நிழல் படையின் உளவாளி. மின்சாரம் உடலில் பாய்ந்ததும் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அந்த வீட்டில் நான் தனியாக இருந்த பகல்களில் அந்தக் கை எனக்குப் பெரிய துணை.

அவருடைய முதற் கதையை வாசிக்க மேலும் பதின்மூன்று வருடங்கள் சென்றன. 2003இல் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். விடுதி நண்பரொருவர் தன் பழைய சேகரிப்பிலிருந்து அதைத் தந்தார். ஒரே இரவில் வாசித்து முடித்தேன். என்னுடைய மாயாவி அதில் வங்கிகளைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தான். அவர் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அவன் என்று வந்ததே அன்றுதான். மனிதரை நாம் சந்திப்பது அவருடைய கதையின் எத்தனையாம் பக்கத்தில் என்பது நம் தீர்ப்பை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்று அன்றிரவு யோசித்தேன். ஆனால் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

2

இரும்புக்கை மாயாவியின் மூலக்கதை ஆங்கிலத்தில் 1962 ஒக்டோபர் 6ஆம் திகதி வெளிவந்த வேலியன்ட் வார இதழின் முதலாவது இதழிலேயே தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் பல்மர். பின்னர் டொம் டலி. வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுகூட உதவியாளன் லூயிஸ் கிராண்டல். ஏற்கனவே ஒரு விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்தியவன். இரண்டாவது விபத்தில் மின்சாரம் தாக்கி மறையும் சக்தி அவனுக்குக் கிடைக்கிறது. உடனே அவன் செய்வது திருட்டு.

எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய மறைந்த மனிதன் பற்றிய நாவலின் நிழல் இதில் விழுந்திருப்பது வெளிப்படை. வெல்ஸின் கிரிஃபின் சக்தி கிடைத்ததும் நிலைகுலைகிறான். முடிவில் ஊரார் சூழ்ந்து அடித்துக் கொல்கிறார்கள். செத்த பிறகே அவனுடைய உடல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கிராண்டலை அவனுடைய கதாசிரியர்கள் கொல்லவில்லை. வாரா வாரம் வெளிவரும் இதழுக்கு அவன் உயிரோடு தேவைப்பட்டான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். வியாபாரக் காரணத்தால் பிறந்தாலும் அது ஒரு நல்ல முடிவு. குற்றம் செய்தவன் அடுத்த வாரமும் வாழ்ந்தாக வேண்டும் என்ற நிலை அதனால் வந்தது.

அந்த அடுத்த வாரத்தைக் கதாசிரியர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? விபத்தின் அதிர்ச்சியே அவனைத் தவறான வழியில் தள்ளியது என்பது போன்ற ஒரு நியாயம் வருகிறது. இது சுலபமான வழி. குற்றம் மனிதனுடையதல்ல, மின்சாரத்தினுடையது என்றாகிவிட்டால் வருந்துவதற்கு யாரும் இல்லாமற் போகிறார்கள். ஆனால் இரண்டாவது கதையில் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. வேறொருவன் செய்யும் குற்றங்கள் கிராண்டலின் தலையில் விழுகின்றன. எல்லோரும் நம்புகிறார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? அவன் பழைய கள்ளன்தானே. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடி ஒளிந்து, உண்மையான குற்றவாளியை அவனே தேடவேண்டியிருக்கிறது. மனந்திருந்தியவனுக்கு உலகம் என்ன செய்யும் என்பதை இந்தக் கதை அறிந்துவைத்திருக்கிறது.

பிளாஸ்கோவின் ஓவியமும் இதற்குத் துணை நிற்கிறது. கறுப்பு வெள்ளையில், நிழலைக் கொண்டே ஆளை வரைந்தவர் அவர். உடல் முழுதும் மறைந்த சட்டகங்களில் கூட அந்தக் கை தன் கனத்தோடு இருக்கும். எல்லாவற்றையும் மறைக்கவல்ல மனிதனால் தனது ஊனத்தை மட்டும் மறைக்க முடியவில்லை. நல்லவனானபின் அந்தக் கையின் விரல்களில் துப்பாக்கி முதலான கருவிகள் பொருத்தப்படுகின்றன. பழைய களவுக்குத் துணைபோன அதே கைதான் இப்போது கடமையையும் செய்கிறது. தமிழ்ச் சிறுவர் இத்தனை நாயகர்களில் இவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியதற்கு இந்தக் கை ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் வெளியீடே இரும்புக்கை மாயாவிதான்.

3

ஸ்பைடரின் விவகாரம் வேறு. இவன் 1965 ஜூனில் லயன் என்ற பிரித்தானிய வார இதழில் பிறந்தவன். சிவகாசி லயன் காமிக்ஸ் 1984இல் தொடங்கியது, பெயர்தான் ஒன்று. டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்தார். கூரான காதுகள், வலை வீசும் துப்பாக்கி, முதுகில் பறக்கும் இயந்திரம். பூட்டுத் திறப்பதில் வல்லவனான ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் அடியாட்களாகச் சேர்த்துக்கொண்டு குற்ற உலகைக் கைப்பற்றக் கிளம்புகிறான். சில கதைகளின் பின்னர் திடீரென நீதியின் பக்கம் சாய்கிறான். ஏன்? சாதாரணக் குற்றம் அவனுக்குச் சப்பென்றாகிவிட்டது; குற்றவாளிகளை வெல்வது அதைவிடப் பெரிய சவால். அவனுடைய ஆணவத்தில் ஒரு துளியும் குறையவில்லை. முன்னர் சக்கரவர்த்தியாக விரும்பியவன் இப்போது காவலனாக இருக்கிறான், அவ்வளவுதான். எத்தனுக்கு எத்தன் என்று அவனுடைய கதையொன்றுக்குத் தமிழில் பெயரிட்டவர் அவனைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்.

இங்கே ஒரு சுவையான தகவல். 1966 முதல் ஸ்பைடரை எழுதியவர் ஜெரி சீகல். அதாவது சுப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அந்தச் சுப்பர்மேனும் முதலில் வில்லனாகவே பிறந்தான். 1933இல் சீகல் தாமே வெளியிட்ட சிறு இதழில் எழுதிய கதையில், பொருளாதார மந்த காலத்து ரொட்டி வரிசையில் நிற்கும் ஏழையொருவனுக்கு ஒரு விஞ்ஞானி மருந்து கொடுக்கிறார். மற்றவர் மனதைப் படிக்கும் சக்தி வந்ததும் அவன் உலகையே ஆளப் பார்க்கிறான். மருந்தின் சக்தி தீர்ந்ததும் மீண்டும் ரொட்டி வரிசைக்கே போகிறான். 1938இல் உலகம் கண்ட நாயகன் அந்த வில்லனைத் திருத்தி எழுதியதில் வந்தவன். அவன் மனந்திருந்தியது கதைக்குள் நடக்கவில்லை. எழுத்தாளரின் மேசையில் நடந்தது.

மாடஸ்டியை எழுதியவர் பீட்டர் ஓ'டொனல். வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. 1963இல் லண்டன் மாலைப் பத்திரிகையொன்றில் தொடங்கியது. தமிழில் லயன் காமிக்ஸின் முதல் வெளியீடு கத்தி முனையில் மாடஸ்டி. ஓ'டொனல் இரண்டாம் உலகப் போரில் படைவீரராக இருந்தவர். 1942இல் ஈரானின் வடபகுதியில், அகதிகளுக்கிடையே தனியாக நடந்துவந்த ஒரு சிறுமியைக் கண்டார். உணவு கொடுத்தார்கள். அவள் உண்டுவிட்டுத் தன் வழியே போய்விட்டாள். இருபது வருடங்களின் பின்னர் மாடஸ்டியின் குழந்தைப் பருவத்தை அந்தச் சிறுமியிலிருந்தே அவர் எழுப்பினார். யாருமற்று அகதி முகாம்களில் அலைந்த பிள்ளை பிழைப்பதற்காகக் குற்றத்துக்குள் போகிறாள். செல்வம் சேர்ந்ததும் விட்டுவிடுகிறாள். பின்னர் பிரித்தானிய உளவுத்துறையின் பெரியவர் ஒருவர் கேட்டுக்கொள்ள, தன் திறமைகளை மறுபக்கத்துக்குத் தருகிறாள். அவள் தன் பழைய வாழ்வை மறைக்கவுமில்லை, அதற்காகப் பெரிதாக அழவுமில்லை. இந்த நேர்மை ஸ்பைடரிடம் இல்லாதது. பதினொரு வயதில் ஊரை விட்டு வந்திருந்த நான் மாடஸ்டியை விரும்பாமலிருந்தது, அப்போது அவளுடைய ஆரம்பம் எனக்குத் தெரியாததால்தான்.

மூவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு குறை பளிச்சென்று தெரிகிறது. மூவரில் எவரும் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. கிராண்டல் வங்கிப் பணத்தோடு திரும்பிப் போகும் காட்சி எதையும் நான் கண்டதில்லை. ஸ்பைடர் எவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. மாடஸ்டி தன் ஓய்வுக் காலத்தைக் கழிப்பதே பழைய சம்பாத்தியத்தில்.

நமது மரபில் வளர்ந்த வாசகனுக்கு இது உறுத்தும். தௌபாவுக்கு வருத்தமும் விலகலும் மட்டும் போதாது, மனிதருக்குரிய கடனை மனிதருக்கே தீர்க்கவேண்டும் என்று மத்ரஸாவில் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். ஹிஜ்ரி 187இல் மக்காவில் காலமான புழைல் இப்னு இயாழ் (றஹ்) அவர்கள் ஆரம்பத்தில் வழிப்பறிக் கொள்ளையராக இருந்தவர். தான் விரும்பிய பெண்ணைக் காணச் சுவரேறியபோது இறைவசனம் ஒன்று காதில் விழ, அங்கிருந்தே திரும்பினார் என்று வரலாறு கூறும். தாம் பொருள் பறித்தவர்களைத் தேடிப்போய் அவர்களுடைய மனத்தைத் திருப்திப்படுத்தினார் என்றும் சொல்லப்படுவதுண்டு. சுவரிலிருந்து இறங்கியது ஒரு கணம். பறிகொடுத்தவர்களின் வாசலில் போய் நின்றதற்கு எத்தனை நாள் சென்றதோ. சித்திரக் கதைகள் அந்தக் கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நாட்களை விட்டுவிடுகின்றன.

திருந்தாதவரையும் நாயகராக்கும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. உதுவன்கந்த சர்தியேலை மக்கள் ஏழைகளின் தோழனாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். அவனுடைய தோழன் மம்மலே மரிக்கார். இருவரும் 1864 மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களைப் பிடிக்கப்போன இடத்தில் அவ்வருடம் மார்ச் 21ஆம் திகதி கொல்லப்பட்டவர் சபான் என்ற மலாய்க் கான்ஸ்டபிள். பொலிஸார் இன்றும் அந்தத் திகதியிலேயே உயிர்நீத்தோரை நினைவுகூருகிறார்கள். பக்கத்துக்கு ஒருவராக இரு முஸ்லிம்கள். நம்மில் எத்தனை பேருக்கு இவ்விருவரின் பெயரும் தெரியும்? சர்தியேல் எவரிடமும் போய்த் திருந்தவில்லை. அவனைத் திருத்தி எழுதியது ஊராரின் பிரியம். சித்திரக் கதை வாசகர்களும் ஓரளவுக்கு இதையே செய்கிறோம். நேசித்தவனின் முதல் இருபது பக்கங்களை நாமே கிழித்துவிடுகிறோம்.

4

இவ்வளவும் எழுதியபின், தீர்ப்புச் சொல்வது எனக்கு இலகுவாக இருந்திருக்க வேண்டும். ஈடு செய்யாமல் திருந்துதல் போலி. ஆகவே இக்கதைகள் அறத்தில் குறையுள்ளவை. பல வருடங்களாக என் கருத்தும் அதுதான். அது முழுதும் சரியில்லை என்பதை எனக்குக் காட்டியது ஒரு மாணவன்.

2006இல் எங்கள் ஊர்ப் பாடசாலையில் எட்டாந்தர வகுப்பாசிரியராக இருந்தேன். சுற்றுலாவுக்கென்று பிள்ளைகள் சேர்த்த பணத்தில் 740 ரூபா காணாமற் போனது. அடுத்த நாள் காலையில் ஒருவன் தானாகவே வந்து, தான் எடுத்ததாகச் சொல்லி, பணத்தை என் மேசையில் வைத்தான். ஒரு சதமும் குறையவில்லை. நான் செய்தது என்ன? அவனை வகுப்பின் முன் நிறுத்தி நேர்மையைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினேன். நல்ல பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதன் பின்னர் அந்த வகுப்பில் எது தொலைந்தாலும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. சில மாதங்களில் என்னுடைய கல்குலேட்டர் காணாமற் போனபோது, நான் முதலில் திறந்து பார்த்தது அவனுடைய புத்தகப் பையை. அவன் ஒன்றும் பேசவில்லை. பையை எடுத்து என் பக்கமாக நகர்த்தி வைத்தான். கல்குலேட்டர் மாலையில் ஆசிரியர் அறையில், என் கொப்பிகளுக்கடியில் கிடந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவன் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டுமென்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

கிராண்டலின் இரண்டாவது கதையை நான் அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே வாசித்திருந்தேன். பிறர் குற்றம் பழைய கள்ளனின் தலையில் விழும் கதை. ஓடும் கிராண்டலுக்காக அன்று என் மனம் பதைத்தது. ஆனால் வகுப்பறையில் நான் துரத்தும் கூட்டத்தில் நின்றேன்.

ஆகவே இக்கதைகளின் குறையைச் சொல்லும்போதே அவற்றின் நிறையையும் சொல்லவேண்டும். மாயாவி ஒரு சதமும் திருப்பிக் கொடுக்காதவன். ஆனாலும் நிழல் படை அவனை நம்பி வேலை கொடுத்தது. என் மாணவன் 740 ரூபாவையும் திருப்பிக் கொடுத்தவன். அவனுக்கு நாங்கள் எதையும் கொடுக்கவில்லை. திருந்துபவனிடமிருந்து என்ன பெறவேண்டும் என்பதில் இக்கதைகள் கவலையீனமானவை. அவனுக்கு என்ன கொடுக்கவேண்டும் என்பதில் நம்மைவிட நன்றாக அறிந்தவை. ஒருவனுக்கு வேலையும் பெயரும் நம்பிக்கையும் கொடுத்தால்தான் அவனால் அடுத்த கதைக்குப் போகமுடியும். சமூக நாவல்கள் என்ற பெயரில் நாம் எழுதிய பலவற்றில் திருந்தியவன் கடைசி அத்தியாயத்தில் அழுதுவிட்டு இறந்துவிடுகிறான், அல்லது ஊரை விட்டுப் போய்விடுகிறான். அவனோடு ஒரே தெருவில் வாழும் சங்கடம் நமக்கு மிச்சமாகிறது. சித்திரக் கதை அந்தச் சங்கடத்தை வாரா வாரம் சுமந்தது.

தரவரிசை கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்பைடரில் கற்பனை மிகுதி, மாற்றம் பூச்சியம். மாடஸ்டி மூவரிலும் மிகத் தெளிவாக எழுதப்பட்ட பாத்திரம். ஆனால் என் மனத்தில் நிற்பவர் மாயாவிதான். அந்தக் கை மறையாதிருப்பதும், அந்தக் கையோடேயே அவரை ஏற்றுக்கொண்டு வேலை கொடுத்ததும் அதற்குக் காரணம்.

கடந்த டிசம்பர் விடுமுறையில் தெஹிவளைக்குப் போயிருந்தேன். சாச்சா இல்லை, நானாவுக்குத் தலை நரைத்துவிட்டது. பிஸ்கட் தகரம் துருப்பிடித்திருந்தாலும் உள்ளே புத்தகங்கள் இருந்தன. நானாவின் சின்ன மகன் ஒன்றை எடுத்துப் புரட்டிக்கொண்டே, "சாச்சா, இவர் நல்லவரா கெட்டவரா?" என்று கேட்டான். அவன் கையிலிருந்ததற்கும் முதற் பக்கங்கள் இல்லை. "முழுசா வாசிச்சிட்டு நீங்களே சொல்லுங்க மகன்" என்றேன்.

என் மாணவன் இப்போது எங்கள் ஊரிலேயே மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறான். நல்ல வேலைக்காரன் என்று பெயர். நானும் என் சைக்கிளை அவனிடம்தான் விடுகிறேன். சாவியை வாங்கும்போது "சேர்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறான். அந்தப் பையைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அவன் தன் கடனை அடுத்த நாள் காலையிலேயே தீர்த்துவிட்டவன். என்னுடையது பத்தொன்பது வருடங்களுக்கு மேலாக அப்படியே கிடக்கிறது. மற்றவர்களுக்குத் தௌபாவின் நிபந்தனைகளைச் சொல்லிக் கட்டுரை எழுதுவதற்கு முன்னரே நான் அவனுடைய கராஜுக்குப் போயிருக்க வேண்டும்.